ப்ரோக்கோலியைக் காலிஃப்ளவர் போல வெந்நீரில் போடலாமா? கழுவுவது, நறுக்குவது பற்றி

செண்பகா_சேலம்:
வணக்கம். எங்கள் பக்கக் கடைகளிலேயே இப்போது ப்ரோக்கோலி நன்றாகக் கிடைக்கிறது, பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று அடிக்கடி வாங்குகிறேன். ஆனால் வீட்டில் இதை எப்படித் தயார் செய்வது என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அத்தை காலிஃப்ளவருக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார். மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் முழுப் பூவையும் அமுக்கி, பத்து நிமிடம் மூடி வைத்து, அப்புறம்தான் நறுக்குவது. புழு இருந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பொரியல் செய்தால் பூவெல்லாம் நைந்து, நிறம் பாசி மாதிரி மங்கி, வீடு முழுக்க ஒரு வாடை வேறு. நறுக்கும்போது பலகை எங்கும் பச்சைத் துகள் சிதறுகிறது. தண்டைப் பாதிக்குப் பாதி குப்பையில் போடுகிறோம், நிறுத்துக் காசு கொடுத்து வாங்கியதை இப்படிப் போட மனசு வரவில்லை. வழக்கமாகச் செய்பவர்கள் முதலிலிருந்து சொல்லுங்கள்.

பந்தி_மாஸ்டர்:
தங்கச்சி, புழுவுக்கு வெந்நீர் தேவையே இல்லை. அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவர் எடுக்கிற வழிதான் இந்தக் காய்க்கு ஒத்துவராது. காலிஃப்ளவர் கெட்டியான காய், பத்து நிமிடம் வெந்நீரில் கிடந்தாலும் தாங்கும். ப்ரோக்கோலியின் தலைப்பகுதி அத்தனையும் சின்னச் சின்ன மொட்டு. மொட்டுக்கு மொட்டு இடைவெளி உண்டு, சூடான தண்ணீர் உள்ளே போய் அங்கேயே நின்றுகொள்ளும். நீங்கள் வடிகட்டிய பிறகும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் அதை வாணலியில் வேறு போட்டால் நையாமல் என்ன செய்யும்?

நான் செய்வது இதுதான். முதலில் நறுக்கு, அப்புறம் ஊறவை. முழுப் பூவாக எந்தத் தண்ணீரில் போட்டாலும் நடுவில் இருக்கும் புழு சுலபத்தில் வெளியே வராது. பூக்களாகப் பிரித்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, பூப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். கால் மணி நேரம் போதும். உப்புத் தண்ணீரில் புழு பிடியை விட்டுவிடும், பாத்திரத்தின் அடியிலோ மேலேயோ வந்து நிற்கும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வடிதட்டில் கவிழ்த்து வைத்து நீரை முழுக்க வடியவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு வாணலிக்குப் போகும் ப்ரோக்கோலி வதங்காது, அவிந்துபோகும்.

கோத்தகிரி_தோட்டம்:
விளைவிக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். இதில் அதிகமாக வருவது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முட்டைக்கோஸுக்கு வருகிற அதே பூச்சிதான். சின்னதாக, வெளிர்பச்சையாக, பூவின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. தொட்டால் நெளிந்து, ஒரு நூலில் தொங்கும். இன்னொன்று அசுவினி. அது சாம்பல் நிறத்தில் மாவு தூவின மாதிரி காம்புகளின் அக்குளில் அப்பிக் கிடக்கும், உப்புத் தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் அசையாது. அதை ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மொத்தமாக அப்பியிருந்தால் அந்தக் கிளையை வெட்டிப் போட்டுவிடுங்கள், மீதியைச் சாப்பிடலாம்.

கவனித்திருப்பீர்கள், ப்ரோக்கோலியின் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். பூவின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. அதனால் மேலாக அலசினால் மொட்டுகளுக்கு நடுவே தண்ணீர் போவதே இல்லை. மாஸ்டர் அண்ணன் சொன்ன மாதிரி கவிழ்த்து அமுக்கி, கொஞ்சம் ஆட்டிவிட்டால்தான் உள்ளே இறங்கும்.

பூச்சிமருந்து பற்றியும் யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே படிந்தது ஓடுகிற தண்ணீரில் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எதில் கழுவினாலும் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் போடவே வேண்டாம், அது காய்க்குள் தங்கிவிடும்.

ரவி_பெங்களூரு:
வாங்கும்போதே எப்படிப் பார்த்து வாங்குவது? ஆன்லைனில் வருவது பாதி நேரம் மஞ்சளாக இருக்கிறது.

கோத்தகிரி_தோட்டம்:
தம்பி, நாம் சாப்பிடுவது பூக்காத மொட்டு. செடியிலேயே விட்டிருந்தால் ஒவ்வொரு மொட்டும் நாலு இதழோடு மஞ்சள் பூவாக விரியும். வெட்டிய பிறகும் அந்த வேலை நிற்காது. மற்ற காய்களை விட இது மிக வேகமாக மூச்சுவிடும், அதனால் சூட்டில் கிடந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே மஞ்சள் தட்டிவிடும். மலையில் அதிகாலையில் வெட்டி, மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிச் சமவெளிக் கடைக்கு வந்து, வெயிலில் தள்ளுவண்டியில் கிடந்தால் அன்று மாலையே வித்தியாசம் தெரியும். மஞ்சளானது விஷமில்லை, ஆனால் கசக்கும், வாடை கூடும்.

பார்க்க வேண்டியது மூன்று இடம். மொட்டுகள் இறுக்கமாக, கரும்பச்சையாக அல்லது லேசான ஊதா கலந்து இருக்க வேண்டும். ஊதா நிறம் குளிரில் வளர்ந்ததன் அடையாளம், கெட்டுப்போனது இல்லை. அடித்தண்டின் வெட்டுவாயில் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்து விரிசல் விட்டிருந்தால் பழசு. கையில் எடுத்தால் பார்வைக்கு இருப்பதை விடக் கனமாக இருக்க வேண்டும். சிலதில் தண்டின் நடுவில் ஓட்டை இருக்கும். செடி ரொம்ப வேகமாக வளர்ந்தாலோ, மண்ணில் போரான் குறைந்தாலோ அப்படி வரும். ஓட்டையின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். பழுப்பேறி நாற்றம் வந்தால் அந்தத் தண்டை விட்டுவிடுங்கள்.

செண்பகா_சேலம்:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி அண்ணா. நறுக்குவது பற்றி யாராவது விளக்கமாகச் சொல்லுங்களேன். துகள் சிதறுவதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

பந்தி_மாஸ்டர்:
துகள் ஏன் சிதறுகிறது? மொட்டுப்பக்கத்தில் கத்தி வைப்பதால். அந்தப் பக்கம் கத்தியே படக்கூடாது. எப்போதும் காம்புப்பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும்.

முழுப் பூவைப் பலகையில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். காய்ந்த அடிமுனையை ஒரு விரல்கனம் சீவிவிடுங்கள். இலைகளை ஒடித்துத் தனியாக வையுங்கள், அதுவும் கீரைதான், குப்பைக்குப் போக வேண்டாம். இப்போது தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பெரிய தண்டு, அதிலிருந்து நாலாபுறமும் கிளைகள் பிரிவது தெளிவாகத் தெரியும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சின்னக் கத்தியின் நுனியை வைத்து அழுத்தினால் ஒரு பூ முழுசாகக் கழன்று வரும். கீழ் வரிசையிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே போங்கள். உச்சிக்குப் போகப்போகக் கிளைகள் நெருங்கிவிடும். அந்த இடம் வந்ததும் மீதித் தண்டைக் குறுக்கே ஒரே வெட்டு வெட்டினால், நடுவில் இருக்கும் பூக்கள் தானாகவே பிரிந்து விழும்.

பெரிய பூவாக இருந்தால் இரண்டாக்க வேண்டும். அதற்குக் காம்பின் அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மொட்டு தொடங்கும் இடத்தோடு கத்தியை நிறுத்திவிடுங்கள். அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தால் மொட்டுகள் தங்கள் இயல்பான பிரிவில் பிரியும், ஒரு துகள் சிதறாது. இதைக் கத்தியால் செய்தால் மொட்டுகள் நடுவில் அறுபட்டு, அந்த வெட்டுப்பரப்பு முதலில் கருகும். பூ ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருப்பதுதான் நறுக்குவதில் பாதி வேலை. ஒன்று எலுமிச்சை அளவும் இன்னொன்று சுண்டைக்காய் அளவும் இருந்தால் பெரியது வேகும்போது சின்னது கூழாகும்.

எந்தச் சமையலுக்கு எந்த அளவு என்பதும் முக்கியம். வறுவலுக்கும், மசாலாவில் தோய்த்துப் பொரிப்பதற்கும் பெரிய பூ. ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ் என்றால் கட்டைவிரல் நுனி அளவு. பொரியலுக்கு நான் இன்னும் பொடியாக, பீன்ஸ் பொரியலுக்கு நறுக்குவது போலவே நறுக்குவேன். அப்போதுதான் தேங்காயும் தாளிப்பும் எல்லாத் துண்டிலும் ஒட்டும்.

காரக்குழம்பு:
பொரியலுக்கு அவ்வளவு பொடியாக நறுக்கினால் மொட்டெல்லாம் உதிர்ந்து பச்சை ரவை மாதிரி ஆகிவிடும் மாஸ்டர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூவாகவே இருக்கட்டும், கடிக்கும்போது தெரியட்டும். அப்புறம் தண்டு. எத்தனை பேர் சொன்னாலும் தண்டு நார்தான், எங்கள் வீட்டில் மாட்டுக்குத்தான் போகிறது.

தாவரவியல்_டீச்சர்:
காரக்குழம்பு தம்பி, தண்டு நார் இல்லை, தண்டின் தோல்தான் நார். அடிமுனையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு வெண்மையான வளையம் தெரியும், நார்த்திசு அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருப்பது வெளிர்பச்சையாக, கொஞ்சம் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். அந்த வளையம் போகும்வரை தோலைச் சீவிவிட்டால் மீதி அத்தனையும் மிருதுவான பகுதி. சுவை நூல்கோல் போலவே இருக்கும். அதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் ப்ரோக்கோலி, காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், நூல்கோல் எல்லாமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். மனிதர்கள் ஒன்றில் தண்டைப் பெருக்கவைத்தார்கள், ஒன்றில் இலையை, ஒன்றில் மொட்டை.

காய்சீவியால் மேலாகச் சீவினால் வளையம் முழுசாகப் போகாது. அடிமுனையில் கத்தியின் கீழ்ப்பகுதியால் தோலைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் பட்டை பட்டையாக உரிந்து வரும். அல்லது தண்டை நிறுத்தி வைத்து நாலு பக்கமும் செங்குத்தாகச் சீவிவிடுங்கள், அது இன்னும் சுலபம். மேலே போகப்போகத் தோல் மெலிதாகும், கிளைக்காம்புகளை உரிக்கவே வேண்டாம். உரித்த தண்டை வட்டமாகவோ தீக்குச்சி கனத்திலோ நறுக்கி, பச்சையாக உப்பும் மிளகும் எலுமிச்சையும் தூவி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகும் மாட்டுக்குப் போட மனசு வந்தால் போடுங்கள்.

பந்தி_மாஸ்டர்:
டீச்சர் அம்மா சொன்னது அத்தனையும் சரி. காரக்குழம்பு தம்பி சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பொடியாக நறுக்கினால் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அந்த உதிர்ந்த துகளை நான் முட்டைப் பொடிமாஸில் போடுவேன், அடைமாவில் கலப்பேன். பொரியலில் உதிர்ந்து கலந்தாலும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவரவர் நாக்கு.

ஆனால் ஒன்று. தண்டையும் பூவையும் ஒரே நேரத்தில் வாணலியில் போடாதீர்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, முதலில் தண்டு. இரண்டு நிமிடம் கழித்துப் பூ, உப்பு, கை நனைத்துத் தெளிக்கும் அளவு தண்ணீர். பெரிய தீயில் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். நகத்தால் காம்பைக் குத்தினால் இறங்க வேண்டும், ஆனால் கொஞ்சம் எதிர்க்கவும் வேண்டும். அந்த இடத்தில் தேங்காய்த்துருவலைப் போட்டு இறக்கிவிடுங்கள், வாணலிச் சூட்டில் மீதி வெந்துவிடும். குக்கரில் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

செண்பகா_சேலம்:
நிறம் மங்குவது வேகவைப்பதால் மட்டும்தானா? சில நாள் நன்றாகப் பச்சையாகவே வருகிறது, சில நாள் சீக்கிரமே பழுப்பாகிவிடுகிறது.

தாவரவியல்_டீச்சர்:
நேரமும் ஒரு காரணம், புளிப்பும் ஒரு காரணம் செண்பகா. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. சூட்டில் செல்கள் உடையும்போது காய்க்குள் இருக்கும் அமிலம் வெளியே வந்து அந்த மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், அப்போது பச்சை ஆலிவ் நிறமாக மாறுகிறது. மூடி போட்டு நெடுநேரம் வேகவைத்தால் ஆவியோடு போக வேண்டிய அமிலம் திரும்பப் பாத்திரத்திலேயே விழும். தக்காளி, புளி, எலுமிச்சை எதையும் ஆரம்பத்தில் சேர்த்தால் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் எலுமிச்சை பிழிவது பரிமாறும்போதுதான். சோடா உப்பு போட்டால் பளிச்சென்று பச்சையாக இருக்கும் என்று சில சமையல் குறிப்புகளில் வருகிறது. நிறம் நிற்பது உண்மை, ஆனால் காய் கொழகொழத்துவிடும், வைட்டமின் சி-யும் அழியும். பச்சை ப்ரோக்கோலி 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதை நிறத்துக்காக இழக்க வேண்டாம். வாடையும் நேரத்தைப் பொறுத்ததுதான், இதில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வேக வேகச் சிதைந்து அந்த முட்டைக்கோஸ் நாற்றம் வருகிறது.

நறுக்குவதோடு தொடர்புள்ள இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லாமல் விட முடியாது. ப்ரோக்கோலியில் சல்ஃபோரபேன் என்ற கந்தகச் சேர்மம், உடம்புக்கு நல்லது என்று பேசப்படுவது, இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். முழுக் காயில் அது அநேகமாகக் கிடையாது. குளுக்கோரஃபானின் என்ற மூலப்பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் பிரிந்து இருக்கின்றன. கத்தி படும்போது, அல்லது பல் படும்போது, செல் உடைந்து இரண்டும் கலந்த பிறகுதான் சல்ஃபோரபேன் உருவாகிறது. புழுவுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. 1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலேயின் குழு ப்ரோக்கோலியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆக முழுப் பூவை முதலில் வெந்நீரில் போட்டு அப்புறம் நறுக்குவது நேர் எதிரான வேலை. முதலில் நறுக்கி, அரை மணியோ முக்கால் மணியோ அப்படியே வைத்துவிட்டுச் சமைத்தால் அதற்குள் வேதிவினை நடந்திருக்கும், உண்டான சல்ஃபோரபேன் குறுகிய நேரச் சமையலை ஓரளவு தாங்கும். காலையில் முதல் வேலையாக ப்ரோக்கோலியை நறுக்கி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள், அவ்வளவுதான்.

காரக்குழம்பு:
கடுகு சேர்த்தால் அந்தச் சத்து திரும்ப வரும் என்று எங்கோ படித்தேன். நாம்தான் தாளிக்கிறோமே, அது போதாதா டீச்சர்?

தாவரவியல்_டீச்சர்:
போதாது தம்பி. கடுகிலும் மைரோசினேஸ் இருக்கிறது, வெந்த ப்ரோக்கோலியில் பச்சைக் கடுகுப்பொடியைத் தூவினால் வினை மறுபடி நடக்கிறது என்பது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் அந்த நொதி உயிரோடு இருக்காது. ஊறுகாய்க்குப் போடுவது போல வறுக்காத கடுகைப் பொடித்து, இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். காரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் இதை மருந்து என்று நினைத்து யாரும் சாப்பிட வேண்டாம், நல்ல காய், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்தால் கவனம், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இதில் அதிகம், ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் மருத்துவரிடம் கேட்டு ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

வன்னிமகள்_டொரோண்டோ:
இங்கே கடைகளில் இரண்டு விதமாய் விற்பார்கள், தண்டோடு ஒன்று, தண்டை வெட்டிப்போட்டு பூவை மட்டும் ஒன்று. நான் தண்டோடு உள்ளதைத்தான் வாங்குவது. தண்டைத் துருவி, பூவை நல்லாய்ச் சின்னனாய் அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் சோற்றோடு வேறு கறியே தேவையில்லை. வறைக்கு மாஸ்டர் அண்ணை சொன்ன பொடி அரிவுதான் சரி, உதிர்ந்தால்தான் வறை. இலைகளையும் சுருட்டி மெல்லியதாய் அரிந்து அதற்குள்ளேயே போட்டுவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். வேலைக்குப் போகிற ஆட்கள் நாங்கள், ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் கழுவி அரிந்து வைத்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பந்தி_மாஸ்டர்:
கழுவி வைக்காதீர்கள் அம்மா. ஈரம் மொட்டுக்குள் நின்றால் மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி வந்துவிடும். கழுவாமல் பூக்களாகப் பிரித்து, ஒரு காய்ந்த துணியோ டிஷ்யூவோ அடியில் விரித்த டப்பாவில், மூடியை லேசாகத் திறந்து வைத்தால் மூன்று நாலு நாள் தாராளமாக நிற்கும். சமைக்கும் அன்று உப்புத் தண்ணீர். கடையில் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றித் தந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள், உள்ளே வியர்த்துத்தான் பாதி கெடுகிறது.

கோத்தகிரி_தோட்டம்:
ஃபிரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி இருக்கும் தட்டில் இதை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவில் ப்ரோக்கோலி சீக்கிரம் மஞ்சளாகும். கதவுப்பக்கம் வேண்டாம், உள்ளே குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

ரவி_பெங்களூரு:
ஃப்ரீஸரில் வைப்பதென்றால் பச்சையாகவே வைத்துவிடலாமா?

பந்தி_மாஸ்டர்:
வேண்டாம் தம்பி. பச்சையாக உறையவைத்தால் சில வாரத்தில் வாடையும் கசப்பும் ஏறிவிடும். ஃப்ரீஸருக்குப் போகிற காய்க்கு மட்டும் வெந்நீர் அவசியம். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கி நேரம் இழுக்கும். சின்னப் பூவுக்கு இரண்டு நிமிடம், பெரியதற்கு மூன்று, மூடியே போட வேண்டாம். அரித்து எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, நடுக்காம்பு வரை குளிர்ந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், அதிலேயே ஊறவிடக் கூடாது. துணியில் கவிழ்த்து ஈரம் வற்றியதும் ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அப்புறம் பைக்கு மாற்றினால் வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம். சமைக்கும்போது வெளியே வைத்து இளகவிடாதீர்கள், உறைந்ததை அப்படியே சூடான வாணலியில் போட்டுவிடுங்கள்.